"இப்போ வர்ற பாட்டுல ஒரு வார்த்தை புரியுதா?"

மேற்கு மாம்பலத்தில் செவித்திறன் பரிசோதனை செய்கிற வேலை எனக்கு. பதினாறு வருடமாகிறது. வருகிற பெரியவர்கள் யாரும் "காது கேட்கவில்லை" என்று ஆரம்பிப்பதில்லை. டிவியில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்பார்கள். மருமகள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்பார்கள். அப்புறம் தவறாமல் இன்னொன்று வரும்: "இப்போ வர்றதெல்லாம் பாட்டா? ஒரே இரைச்சல்."

போன ஆடி மாதம் அப்படி ஒருவர் வந்தார். வயது எழுபத்து மூன்று, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கல்லூரியில் படிக்கும் பேத்தி கூட்டி வந்திருந்தாள். உட்கார்ந்ததுமே வாதத்தை எடுத்து வைத்தார். "எனக்குக் காது நல்லாத்தாம்மா இருக்கு. பழைய பாட்டு ஒரு எழுத்து விடாம கேக்குது. இவ போடற பாட்டுதான் புரியல. அப்போ தப்பு பாட்டு மேலதானே?"

நியாயமான கேள்விதான். சோதித்துப் பார்க்கலாம் என்று அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினேன். வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். நான் "கல்" என்றேன், அவர் "பல்" என்றார். "சட்டை" என்றேன், "பட்டை" என்றார். "மாலை", "ஊர்" எல்லாம் சரியாகச் சொன்னார். எந்த அலைவரிசை எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று வரைந்து காட்டும் ஆடியோகிராம் கோடும் அதையே காட்டியது. 250, 500 ஹெர்ட்ஸ் என்ற கீழ் அலைவரிசைகளில் கிட்டத்தட்ட நல்ல காது. 2000-ஐத் தாண்டியதும் கோடு சரிந்து, 4000-ல் 60 டெசிபல் வரை சத்தத்தைக் கூட்டினால்தான் கேட்கிறது என்று கையைத் தூக்கினார்.

வயதாகும்போது காதில் முதலில் போவது உயர்ந்த அலைவரிசைகள். உயிரொலிகளின் பலமெல்லாம் கீழ் அலைவரிசைகளில் இருப்பதால் அவை தப்பிவிடும். க, ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதனால் ராகம் முழுதாகக் கேட்கும், வார்த்தை மட்டும் கரைந்துவிடும்.

அப்படியானால் பழைய பாட்டு மட்டும் எப்படிப் புரிகிறது? அவர் காலத்துப் பாட்டாகவே, ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றாகத் தேடி எடுத்துப் போட்டேன். அதிகம் ஓடாத ஒரு படத்தின் பாட்டு. பல்லவி பிடிபட்டது. சரணத்தின் இரண்டாவது வரியில் தடுமாறினார். மறுபடி போடச் சொன்னார், மறுபடியும் தடுமாறினார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பத்து வயதிலிருந்து கேட்டு மனப்பாடமான பாட்டில், காது விட்டதையெல்லாம் ஞாபகம் போட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கூடவே, அந்தக் காலத்துச் சுமாரான பாட்டுகளை அறுபது வருடத்தில் வானொலியும் நாமும் வடிகட்டிவிட்டோம். இந்த வருடத்துப் பாட்டுகளை இன்னும் யாரும் வடிகட்டவில்லை.

ஆனாலும் அவர் சொன்னதில் பாதி சரி. அதை நான் அவரிடமே சொன்னேன்.

அப்போது வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். குரல் முன்னால் நிற்கும். பேஸ் என்கிற ஆழமான கீழ் ஒலியை அளவுக்கு மேல் ஏற்றினால் இசைத்தட்டில் ஊசி தாவிவிடும் என்பதால் அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இன்றைய பாட்டில் அந்தத் தடை இல்லை. கனமான கீழ் ஒலி தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும் என்பது செவியியலில் பாலபாடம். ஏற்கெனவே மெய்யெழுத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கும் காதுக்கு, மிச்சம் இருப்பதையும் அந்த பேஸ் மூடிவிடுகிறது.

இன்னொன்று சத்தத்தின் அளவு. இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் சத்தமாக இருப்பதுதான் முதலில் நன்றாக இருப்பதாகத் தோன்றும். 1982-ல் சிடி வந்த பிறகு இந்தப் போட்டி முற்றியது. டிஜிட்டலில் உச்சத்துக்கு ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் போக முடியாது. அதனால் கம்ப்ரெஸர், லிமிட்டர் என்ற ஒலியளவை அடக்கும் கருவிகளை வைத்து உச்சங்களை அமுக்கி, மெதுவான இடங்களைத் தூக்கிவிட்டார்கள். 1955 முதல் 2010 வரையிலான நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கத்தியப் பாடல்களைக் கணினியில் அலசிய ஸ்பெயின் ஆய்வாளர்கள், சத்தம் கூடிக்கொண்டே வந்திருப்பதையும், ஒலியின் நிறங்களும் சுரங்களின் போக்குகளும் குறைந்து ஒரே மாதிரியாகி வருவதையும் 2012-ல் வெளியிட்டார்கள். நம் சினிமாப் பாட்டுக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் அமுக்கித் தூக்கும் வேலை இங்கேயும் நடக்கிறது. பழைய பதிவை மறுபடி மெருகேற்றி 'ரீமாஸ்டர்' என்று வருகிற பாட்டுகள் சிலவற்றையும் அது விட்டுவைக்கவில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் இப்போது எல்லாப் பாட்டையும் ஒரே சராசரி அளவுக்குக் கொண்டுவருகின்றன. ஒருமுறை தட்டையாகிவிட்ட பாட்டு அதனால் மேடு பள்ளம் பெற்றுவிடாது.

இதனால்தான் எனக்குத் தாத்தாவைவிடப் பேத்தியைப் பற்றிக் கவலை. சரணம் தாழ்ந்து, இடையிசை அடங்கி வரும் பாட்டில் காதுக்கு மூச்சுவிட இடம் உண்டு. தட்டையாக்கிய பாட்டில் அது இல்லை. உச்ச சத்தம் ஒன்றேயானாலும் மொத்தத்தில் காதுக்குள் போகும் சத்தம் அதிகம்.

தாத்தாவுக்குத் துணையாக வந்தவள், "எனக்கும் பாருங்க மேம், நைட் படுத்தா காதுல கொய்ங்னு ஒரு சத்தம் வருது" என்றாள். பார்த்தேன். எல்லா அலைவரிசையும் நன்றாக இருக்க, இரண்டு காதிலும் 4000-ல் மட்டும் ஒரு பள்ளம், 8000-ல் கோடு மறுபடி ஏறிவிட்டது. பத்தொன்பது வயதில் இந்தப் பள்ளத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் போகிறாள். ரயில் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று வால்யூமைக் கடைசி வரை வைத்திருக்கிறாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். 100 என்றால் வாரம் முழுவதுக்குமே சுமார் 20 நிமிடம். உள்காதில் சத்தத்தை உணரும் மயிரணுக்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. காதை நன்றாக அடைக்கிற இயர்பட்ஸ் வாங்கு, வெளிச்சத்தம் குறைந்தால் வால்யூமும் தானாக இறங்கும், 'கொய்ங்' வந்த நாளில் பாட்டே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். என்ன பாட்டு கேட்கிறாள் என்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

பெரியவருக்கு இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினோம். பாட்டு கேட்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கருவிகள் பேச்சுக்காக அமைக்கப்படுபவை. புல்லாங்குழலின் நீண்ட சுரத்தைத் தன் சொந்த விசில் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், சுரம் நடுங்கும். இசைக்கென்று தனியாக ஒரு ப்ரோக்ராம் போட்டுத் தரச் சொல்லுங்கள். பலர் கேட்பதில்லை, கருவியே சரியில்லை என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். பேத்தி, அவர் திட்டிக்கொண்டிருந்த அதே பாட்டை மெதுவாகப் போட்டாள். கண்ணை மூடிக் கேட்டார். சரணம் வந்ததும் ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொன்னார், 'ச' எல்லாம் சரியான இடத்தில்.

"ட்யூன் எனக்குப் பிடிக்கலம்மா," என்றார். "ஆனா எழுதினவன் நல்லா எழுதியிருக்கான்."