குரு, சனி, முத்தோரைச் சரிவு

2020 டிசம்பர் 21 மாலை, தென்மேற்கு வானில் வியாழனும் சனியும் கிட்டத்தட்ட ஒட்டி நின்றன. இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. 1623க்குப் பிறகு அவை அவ்வளவு நெருங்கியதில்லை. உண்மையில் அன்று வியாழன் நம்மிடமிருந்து ஏறக்குறைய 89 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சனியோ 162 கோடியில். கோத்தகிரிப் பக்கம் இரவில் நின்றால், எதிர்ச்சரிவின் எஸ்டேட் விளக்கும் அதற்கு வெகு பின்னால் சமவெளியில் எரியும் விளக்கும் அடுத்தடுத்து இருப்பதுபோலத் தெரியும். கோள்களின் சேர்க்கையும் அப்படித்தான்.

கோள்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுகின்றன. அதனால் வானில் எல்லாம் சூரியன் போகும் தடத்தை ஒட்டியே நகர்கின்றன. பன்னிரண்டு ராசிகளும் அந்தத் தடத்தில்தான். தடம் ஒன்று, வேகம் வேறு என்றால் ஒன்றை ஒன்று முந்தியே தீரும்.

எப்போது முந்தும் என்று கணக்கிட வீட்டுப் பஞ்சாங்கமே போதும். குரு ஆண்டுக்கு ஒரு ராசி, 30 பாகை நகர்கிறார். சனிக்கு ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு, ஆகவே ஆண்டுக்கு 12 பாகை. வித்தியாசம் 18. வட்டத்தின் 360 பாகையை 18ஆல் வகுத்தால் 20 ஆண்டு வருகிறது. துல்லியக் கணக்கில் 19.86. பலன்களை நான் படிப்பதில்லை, ஆனால் பெயர்ச்சித் தேதிகளுக்குள் நல்ல வானியல் இருக்கிறது.

இருபது ஆண்டுக்கு ஒருமுறை சந்தித்தாலும் 2020 போல ஒட்டுவது அரிது. பூமியின் பாதைத் தளத்திலிருந்து வியாழனின் பாதை 1.3 பாகையும் சனியின் பாதை 2.5 பாகையும் சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் சற்று மேலோ கீழோ விலகிக் கடந்துவிடும். அடுத்தது 2040 அக்டோபர் இறுதியில், விடியலுக்கு முன், கிழக்கில். இடைவெளி ஒரு பாகைக்குச் சற்று அதிகம்; நீட்டிய கையின் சுண்டுவிரல் மறைக்கும் அளவு. வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. நீலகிரியில் அந்த மேகத்தை யாரும் நம்ப முடியாது.

மலையில் தூசு குறைவு என்று ஊட்டிக்கு வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நகரம் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மேற்கே ஒரு முகடு 10 பாகை உயர்ந்திருந்தால், மாலைச் சேர்க்கையில் சுமார் 40 நிமிடம் போய்விடும். திறந்த மேற்கு வானம்தான் முக்கியம்.

ஒரே பார்வைக்கோட்டில் இரண்டு பொருள்கள் வருகிற இந்தத் தற்செயலையே அளவுகோலாக்கிய இடமும் ஊட்டிக்கு அருகில்தான் இருக்கிறது. முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்டது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு அதற்காகத் தேர்ந்தெடுத்தது, வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவு. அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவுதான். அதனால் சரிவில் படுத்திருக்கும் கருவியின் நீள அச்சு, பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பியே ஒரு ரேடியோ மூலத்தை, அதாவது வானில் ரேடியோ அலைகளை வெளியிடும் ஒரு பொருளை, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம்.

முதல் வேலை, நிலவு ரேடியோ மூலங்களை மறைப்பதைக் கவனிப்பது. விண்மீன்களுக்கு இடையே நிலவு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய தன் அகலம் அளவே நகர்கிறது. அதன் விளிம்பு ஒரு தொலைதூர மூலத்தை மூடும்போது, சமிக்ஞை மங்கிய கணம் மூலத்தின் இடத்தைக் காட்டும். மங்கிய விதமும் அதற்குப் பிடித்த நேரமும் மூலத்தின் அளவைக் காட்டும். இப்படி அளந்தபோது, மங்கலான மூலங்கள் சராசரியாகச் சிறிதாகத் தெரிந்தன. மங்கலானவை பெரும்பாலும் தொலைவில் இருப்பவை; அவற்றின் அலைகள் நம்மை அடைய நெடுங்காலம் ஆவதால், நாம் காண்பது அவற்றின் பழங்கால நிலை. பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கோட்பாட்டோடு இந்த அளவுகள் பொருந்தவில்லை. பெருவெடிப்புக் கோட்பாட்டோடு பொருந்தின.