விளக்குக் கேட்கும் ஜெல், விளக்குக் கேட்காத ஜெல்

இரண்டு கிழமையாக இறால், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் அந்தத் தங்கை எங்கள் தோல் கிளினிக்குக்கு வந்திருந்தார். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர், அதுவும் உப்புவெளிப் பக்கம். மீன் சட்டியைத் தள்ளி வைக்கிறார் என்றால் எவ்வளவு பயந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கண் இமைகளும் வீங்கி, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. கூட வந்த அம்மா, "இறால்தான் ஒத்துக்கொள்ளல்ல போல, டொக்டர்" என்றார். "இப்ப அதைத் தொடுறதே இல்ல அம்மா, அப்பவும் வீங்குதுதானே" என்றார் மகள்.

கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனிகள் வறண்டு, பிளேட்டால் கீறியதுபோல் மெல்லிய வெடிப்புகள். மூன்று நகங்களின் முன் விளிம்பு சதையை விட்டுக் கழன்று வெள்ளையாகத் தெரிந்தது. நகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்டிலேயே ஜெல் போடுறன் டொக்டர்." கலியாணம் நெருங்குகிறது, பார்லருக்குப் போனால் செலவு, அதனால் சின்ன விளக்கோடு வந்த ஒரு பெட்டியை கூரியரில் எடுத்திருக்கிறார். முதல் இரண்டு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை விரல் அரித்தது, அடுத்த நாள் கண் வீங்கியது.

நகத்தில் பூசியது கண்ணுக்கு எப்படிப் போகும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண் இமைத் தோல். ஒரு நாளில் எத்தனை முறை முகத்தைத் தொடுகிறோம் என்று நமக்கே தெரியாது. நகத்தை அராவும்போது பறக்கும் தூளும் முகத்தில்தான் படியும். தடித்த விரல் தோல் தாங்கிக்கொள்வதை இமை தாங்காது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் எல்லா நகப்பூச்சையும் கியூட்டெக்ஸ் என்ற ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். கடையிலும் 'ஜெல்' என்று எழுதிய போத்தல்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆனால் அவை இரண்டு வேறு பொருட்கள்.

விளக்குக் கேட்காத ஜெல் என்பது பழைய கியூட்டெக்ஸின் உறவுதான். ஜெல் போலப் பளபளக்க மேலே பூசும் ஒரு போத்தலும் சேர்ந்து வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அதிலுள்ள கரைப்பான் காற்றில் பறந்ததும் பூச்சு காய்ந்துவிடும்.

விளக்குக் கேட்கும் ஜெல் காய்வதில்லை, இறுகுகிறது. பல் வைத்தியர் வெள்ளை நிற அடைப்பு வைத்து நீல ஒளி காட்டுவாரே, அதே வேலை. போத்தலுக்குள் இருப்பவை அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் வகைச் சின்ன மூலக்கூறுகள். ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான தகடாகும். முழுதாக இறுகிவிட்டால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் ஆபத்து.

வீட்டில் அது மிகச் சுலபமாக நடக்கும். தூரிகை நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலில் வழியும், விரலால் துடைத்துவிடுவோம். கனமாகப் பூசினால் மேற்புறம் இறுகி அடிப்புறம் ஈரமாகவே நிற்கும். ஒரு நிறுவனத்தின் ஜெல்லுக்கு வேறொரு விளக்கைக் காட்டினாலும் இதே கதிதான். சின்ன விளக்கில் நான்கு விரல்கள் ஒழுங்காகக் கிடக்கும், பெருவிரல் மட்டும் சரிந்து நிற்கும், அதன் ஓரத்துக்கு ஒளி போகாது. அப்புறம் அந்தப் பிசுபிசுப்பு. பெரும்பாலான ஜெல்களில் விளக்குக் காட்டிய பிறகும் மேலே ஒட்டும் தன்மை இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் இறுக விடாமல் தடுத்த ஜெல் அது. இந்தத் தங்கை அதை ஒவ்வொரு தடவையும் பஞ்சை விரலில் சுற்றித் துடைத்திருக்கிறார், வழிந்ததை வெறும் விரலால். கையுறை போட்டிருந்தாலும் நிம்மதி இல்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் போடும் சாதாரணக் கையுறையையே இவை சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

முதல் இரண்டு தடவை ஒன்றும் ஆகாததும் இந்த ஒவ்வாமையின் குணம்தான். உடம்பு முதலில் பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது, பிறகுதான் சண்டைக்கு வருகிறது. வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். இதே குடும்பப் பொருட்கள் வெள்ளைப் பல் அடைப்பிலும், மூட்டு மாற்றுச் சிகிச்சைச் சீமெந்திலும், உடலில் ஒட்டும் சில சீனி அளவிடும் கருவிகளின் பசையிலும் உண்டு. இருபது வயதில் நகத்துக்காக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை அறுபது வயதில் முழங்காலுக்கு வந்து நிற்கக்கூடும். எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இதுதான். இவற்றில் அதிகம் தொல்லை தரும் ஹீமா என்ற பொருளை, தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஆம் ஆண்டு விதி செய்தது. போத்தலின் பொருட்பட்டியலில் ஹீமா அல்லது ஹைட்ராக்சிஎதில் மெத்தாக்ரிலேட் என்று இருந்தால், வீட்டுப் பாவனைக்கு வேண்டாம், திரும்ப வைத்துவிடுங்கள். பட்டியலே இல்லாத போத்தலை வாங்கவே வேண்டாம்.

மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் நானும் விளக்குக் கேட்காத ஒன்றை வாங்கிப் பார்த்தேன். வார்டில் நகப்பூச்சோடு நிற்கக்கூடாது என்பதால் ஒரு வார லீவில்தான் பூச முடிந்தது. சோப்பால் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, மெல்லிசாக இரண்டு பூச்சு, பிறகு மேற்பூச்சு. நம் ஊர்ப் புழுக்கத்தில் போத்தலில் எழுதிய நேரம் போதவில்லை. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தது, ஆனால் அரை மணி நேரம் கழித்துத் தலையணை உறையின் நெசவு அப்படியே பெருவிரல் நகத்தில் பதிந்துவிட்டது. இரண்டாவது முயற்சி நன்றாக வந்தது. ஐந்தாம் நாள் திருவலையில் தேங்காய் திருவும்போது ஓரம் பெயர்ந்தது. ஐந்து நாள் அழகு, பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் போய்விடுகிறது. ஒரு கலியாண வீட்டுக்கு இது தாராளம். இந்த வகையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உண்மைதான், அரித்தால் உடனே நிறுத்துங்கள்.

விளக்கு ஜெல்தான் வேண்டும் என்றால், தோலில் படாமல் பூசத் தெரிந்த கைக்காரரிடம் போங்கள். எல்இடி என்று எழுதியிருந்தாலும் அந்த விளக்கு தருவது புறஊதாக் கதிர், அதனால் போவதற்கு 20 நிமிடம் முன்பு கையில் சன்ஸ்கிரீன் பூசுங்கள். கழற்றும்போது பிய்க்க வேண்டாம், நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்கள் எந்தப் பூச்சானாலும் எடுத்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவிக்கு வெறும் நகம் வேண்டும்.

அந்தத் தங்கைக்கு இமைக்கும் விரலுக்கும் களிம்பு கொடுத்தேன், விளக்குப் பெட்டியை மூடச் சொன்னேன், இறாலைச் சாப்பிடச் சொன்னேன். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வளரும், கழன்ற நகம் முழுதாக மாற ஆறு மாதம் பிடிக்கும் என்றதும் முகம் வாடிவிட்டது. கலியாணத்துக்கு மருதோன்றி போடலாமா என்று கேட்டார். இலை அரைத்துப் போடுங்கள், கறுப்பாகப் பிடிக்கும் கோன் மட்டும் வேண்டாம், அதில் தலைமுடிச் சாயம் கலந்திருக்கலாம் என்றேன். கிளினிக் கொப்பியின் அட்டையில் சிவப்பு மையால் 'மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை' என்று எழுதிக் கொடுத்தேன், பல் வைத்தியரிடம் போகும்போது இதைக் காட்ட வேண்டும் என்று சொல்லி. அவர் கொப்பியைப் பார்த்தபடியே, "வாற செவ்வாய்க்கிழமை எனக்குப் பல் அடைக்க வரச் சொல்லியிருக்கினம் டொக்டர்" என்றார். கொப்பியைத் திரும்ப வாங்கி, அந்தப் பல் வைத்தியருக்கும் ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்துக் கொடுத்தேன்.