கேட்கத் தயங்கும் பிள்ளைகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கல்லூரி மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு ஆலோசனை சொல்லி வருகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். மார்க்குக்குக் குறைவில்லை. ஒருவரிடம் போய் ஒரு விவரம் கேட்க வேண்டுமென்றால் மட்டும் கால் பின்வாங்குகிறது.

பி.காம். கடைசி வருடப் பெண் ஒருத்திக்குக் கோயம்புத்தூர் ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் சீனியரின் நம்பர் கையிலேயே இருந்தது. ‘அக்கா வணக்கம்’ என்று டைப் செய்வாள், அழிப்பாள். “என்னை ஞாபகமே இருக்காது மேடம், தொந்தரவா நினைச்சுட்டா?” சரி, சேர்ந்தே எழுதுவோம் என்றேன். தான் யார், என்ன வேண்டும், யாரைக் கேட்கலாம் என்று மூன்றே வரி. ‘இப்போ ஆள் எடுக்கல, ஜூன்ல கேளு, பயோடேட்டா அனுப்பி வை’ என்று பதில் வந்தது. அவள் முகம் வாடிவிட்டது. முதல் மூன்று சொல்தான் கண்ணில் பட்டிருந்தது. கடைசி வரியைத் திரும்பப் படிக்க வைத்த பிறகுதான் பயோடேட்டாவைத் தேடினாள்.

கூச்சத்தைத் தாங்குவது, பதிலை நிதானமாகப் படிப்பது, இரண்டும் பழகினால் வரும் திறன்கள். ஆய்வாளர்கள் டெய்லரும் பெட்ஸும் 1983-இல் உருவாக்கிய, தொழிலைத் தேர்ந்தெடுக்கும் தன்னம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாளில், விரும்பும் துறையில் இருப்பவரிடம் பேச முடியும் என்ற நம்பிக்கையும் ஒரு கேள்வி. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பலருக்கு உதவியது நெருங்கியவர்கள் அல்ல, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள்தான் என்று சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். எங்கள் பிள்ளைகள் கூச்சப்படுவதே அந்த அரைகுறை அறிமுகங்களிடம்தான்.

யாரிடமும் கையேந்தாதே என்று வளர்த்த வீடுகள் இவை. அந்த மானம் எனக்குப் பெரிய மதிப்புள்ளது. ஆனால் விவரம் கேட்பது கையேந்துவதில் சேராது என்பதைப் பெற்றோரே வாய்விட்டுச் சொன்னால்தான் பிள்ளைக்குத் துணிச்சல் வரும். கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுகள் சிலவற்றுக்குத் தமிழிலும் வினாத்தாள் உண்டு. அதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பிக்காதவர்களைப் பார்க்கிறேன்.

கல்லூரிகள் பயோடேட்டா மாதிரியையும் இன்டர்வியூ உடையையும் சொல்லித் தருகின்றன. அப்புறம் நிறுத்திவிடுகின்றன. ஆசிரியர்களே, முதல் வருடத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்ய வையுங்கள். முதல் போனின்போது பக்கத்தில் இருங்கள்.