பூசணம் பிடித்த கோதுமையும், சோதனை கேட்கும் உரிமையும்

ஏற்காடு நாகலூர்ப் பக்கம் தோட்ட வேலை செய்யும் ஓர் அம்மாள், சர்க்கரை நோய்க்குச் சப்பாத்தி நல்லதென்று சேலத்தில் பத்துக் கிலோ கோதுமை வாங்கினார். வீட்டில் மூட்டையைப் பிரித்தால் நடுவில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. உடைத்தபோது நீலப்பச்சைத் தூள் பறந்தது. சோதனைக்குக் கொடுக்க அவருடன் நானும் சென்றேன். மூன்று மேசைகள் மாறிய பிறகு, “வாங்கும்போதே கடைக்காரரிடம் சொன்னீர்களா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலி போயிற்று.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன் 40ஆவது பிரிவுப்படி, வாங்கிய உணவை எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். சரக்கு தரத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கப்போவதை வாங்கும் நேரத்திலேயே கடைக்காரரிடம் தெரிவித்திருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்த பிறகுதானே பூசணம் கண்ணில் படும்? ஆகவே அதே கடையில் அதே சரக்கை மீண்டும் கொஞ்சம் வாங்கி, சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லி, ரசீது பெறுங்கள். அதற்கு வழியில்லையென்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் உடனே புகார் அனுப்புங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் இருக்கும் சரக்கிலிருந்துதான் மாதிரி எடுப்பார்.

தானியத்தில் சில பூசணங்கள் உண்டாக்கும் நஞ்சு ‘ஓக்ராடாக்சின் ஏ’. விண்ணப்பத்தில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள். பொதுவாகத் ‘தரச் சோதனை’ என்று எழுதினால் அதைத் தேடாமலே அறிக்கை வரக்கூடும். கோதுமையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான் இந்திய விதிகளின் வரம்பு. நஞ்சு மூட்டை முழுதும் ஒரே அளவில் பரவியிருக்காது என்பதால், பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியே பயன்படும்.

பூசணத்தைத் தட்டிவிட்டு அரைத்தாலும், சப்பாத்தியாகச் சுட்டாலும் இந்த நஞ்சு முழுமையாகப் போகாது. ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தங்குகிறது. கழிவை வெளியேற்றுவதற்காகச் சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் வைத்திருக்கும் வாயில்கள் வழியாகவே உள்ளே சென்று சேர்ந்து, ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைப் போன்ற தன் உருவத்தால் புரதம் கட்டும் வேலையைத் தடுக்கிறது என்றும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது என்றும் ஆய்வக, விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதனால் உடல்நலம் கெட்டால் அதே சட்டத்தின் 65ஆவது பிரிவில் இழப்பீடு உண்டு: கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை, மற்றக் காயங்களுக்கு 1 லட்சம் வரை. ஆனால் அந்த உணவால்தான் பாதிப்பு என்று நிறுவ வேண்டும். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும்; சர்க்கரை நோயாலும் அது ஏறும். எனவே ரத்த அறிக்கையை மட்டும் காட்டி வெல்ல முடியாது, பணம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களை நம்பவும் வேண்டாம்.

மீதிக் கோதுமையைக் காகிதப் பையில், ஈரம் படாமல் வைத்திருங்கள். அந்த அம்மாள் மறுவாரம் அதே கடைக்குச் சென்றபோது, அந்தச் சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது.