மீல் மேக்கரில் தசை வளருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "சோயாவில் தசை வளர்த்துட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா சார்? அப்போ ஸ்டான்லியில் அடிபட்டு வர்றவங்களுக்கு அதையே வெச்சுத் தைக்கலாமே?"

முதல் பாதி நிஜம். 2020இல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள், மீல் மேக்கர் மாதிரியான சோயாப் புரதத் துண்டுகளில் மாட்டுத் தசைச் செல்களை வளர்த்தார்கள். அது சாப்பாட்டுக்கான ஆய்வு. உடம்புக்குள் கொழுப்பு, தசை போன்ற மென்திசுக்களை வளர்க்க வசதியானது ஹைட்ரோஜெல், அதாவது வலைக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் ஜெல்லி. எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனாலும் ஒழுகாது. காண்டாக்ட் லென்ஸ்கூட அந்தக் குடும்பம்தான்.

சோயாவிலும் இந்த ஜெல்லைச் செய்யலாம். அது எப்படி உருவாகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சோயா விதையில் அதிகம் இருப்பவை கிளைசினின், பீட்டா-கான்கிளைசினின் என்ற இரண்டு புரதங்கள். இரண்டும் நூற்கண்டாகச் சுருண்டு கிடக்கும். தண்ணீர் ஆகாத பகுதிகள் பெரும்பாலும் உள்ளே, தண்ணீரோடு ஒத்துப்போகிறவை வெளியே. கிளைசினினில் ஆறு துண்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சங்கிலிகளைக் கந்தகப் பாலம் ஒன்று பிடித்திருக்கிறது. கரைசலைச் சூடாக்கினால், 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கான்கிளைசினின் குலையும். கிளைசினின் ஏறத்தாழ 90 வரை தாக்குப்பிடிக்கும். குலைந்ததும் உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர்! வேறு வழியில்லாமல், பக்கத்துச் சங்கிலியில் தன்னைப் போலவே தவிக்கும் பகுதியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதே சமயம் கந்தக அணுக்களும் பழைய ஜோடியை விட்டு இன்னொரு மூலக்கூறில் புது ஜோடி சேர்கின்றன. ஆறும்போது ஹைட்ரஜன் பிணைப்புகளும் சேர்ந்து வலை கெட்டிப்படுகிறது. தண்ணீரைக் கண்டு ஒதுங்கும் பகுதிகளே தண்ணீரைப் பிடித்துவைக்கும் வலையைக் கட்டுகின்றன. இன்னும் இறுக்க வேண்டுமா? டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் போதும்.

இறுக்கம் முக்கியம், செல்கள் தாம் பற்றியிருக்கும் இடத்தை இழுத்துப் பார்க்கும். 2006இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஒரே ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை) 1 கிலோபாஸ்கலுக்கும் (இறுக்கத்தை அளக்கும் அலகு) குறைவான மென்மையில் நரம்பின் பக்கமும், 10ஐ ஒட்டிய இறுக்கத்தில் தசையின் பக்கமும், 30ஐ ஒட்டினால் எலும்பின் பக்கமும் திரும்பின.

நம் அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் காயங்களுக்கான கொலாஜன் என்ற புரதத்தில் நிறைய உழைத்திருக்கிறது. அது விலங்குத் தோலிலிருந்து வருவது; செல்கள் பற்றிக்கொள்ள இயல்பாகவே அதில் பிடிமானம் உண்டு. செடிகளில் கொலாஜன் கிடையாது. அதனால் சோயா ஜெல்லில் பெரும்பாலும் கொஞ்சம் ஜெலட்டினோ (கொலாஜனிலிருந்து எடுப்பது), செல்லைப் பிடிக்கும் பெப்டைடோ (குட்டிப் புரதத் துண்டு) கலக்கிறார்கள். மூலப்பொருள் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு என்பதால் மலிவு. கை அறுவை சிகிச்சைக்கென்று பல பத்தாண்டுகளாகத் தனித்துறை நடத்தும் ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரிக்குள்ளேயே இந்த ஆய்வுக்கு ஒரு கூடம் வேண்டும். மெஷினில் கை சிக்கி வருகிறவரைப் பார்க்கும் டாக்டரும் ஜெல் செய்கிறவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால்தான் வேலை நகரும். அரசு பணம் போட வேண்டிய இடம் இது.

தைக்கலாமா என்றால், இப்போதைக்கு முடியாது. அந்த இரண்டு சோயாப் புரதங்களுமே ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. ஜெல் கரையும் வேகமும் புதுத் திசு வளரும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஒன்று: இதைப் படித்துவிட்டு யாரும் சோயாவை அரைத்துக் காயத்தில் அப்பிவிடாதீர்கள். தீக்காயத்தில் இட்லி மாவு, பற்பசை, இங்க் தடவுவதையும் தயவுசெய்து விடுங்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.