கண்டுபிடித்ததை ஊருக்குக் காட்டும் முன்

கோவைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "ஏனுங்க, பேடன்ட் எடுக்க எவ்வளவு ஆகுமுங்க?" என்பதைத்தான். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "இதை இதுவரைக்கும் யார் யாருக்குக் காட்டியிருக்கீங்க?" பல சமயம் பெருமையோடு பதில் வரும். யூடியூபில் வீடியோ போட்டிருக்கிறோம், நன்றாக ஓடுகிறது. கண்காட்சியில் ஸ்டால் எடுத்தோம். நாலைந்து மெஷின் விற்றுக்கூட விட்டோம். காப்புரிமை (பேடன்ட்) முகவராக இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். எதிரில் இருப்பவர் இரவு பகலாக உழைத்து உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்திருப்பார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அன்றைக்குப் புதிது அல்ல.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும், அந்தத் துறையில் கைதேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். புதிதா என்பதை விண்ணப்பம் தாக்கலாகும் தேதியை வைத்துத்தான் பார்ப்பார்கள். அந்தத் தேதிக்கு முன் உலகின் எந்த மூலையில் வெளியாகியிருந்தாலும் சரி, வெளியிட்டது நீங்களே ஆனாலும் சரி, அது உங்களுக்கு எதிரான ஆதாரம். உங்கள் யூடியூப் வீடியோவின் தேதியைக் காட்டியே எதிராளி உங்கள் காப்புரிமையை ரத்துசெய்யக் கேட்கலாம்.

"ஒரு வருஷம் டைம் இருக்குன்னு இன்டர்நெட்ல பார்த்தேனே சார்" என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் பார்த்தது அமெரிக்கச் சட்டமாக இருக்கும். அங்கே கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு. நம் சட்டத்தில் 31-ஆம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது என்றாலும் அதன் வாசல் மிகக் குறுகலானது. மத்திய அரசு தன் அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்திருக்க வேண்டும், அல்லது அறிஞர் அவையில் ஆய்வுக் கட்டுரையாக வாசித்திருக்க வேண்டும். நம் ஊரில் நடக்கும் எல்லாத் தொழில் கண்காட்சிகளும் அந்த அறிவிப்பில் வந்துவிடுவதில்லை. பொது இடத்தில் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டிய கருவியாக இருந்தால், அந்தச் சோதனைக்கு 32-ஆம் பிரிவு ஓராண்டு இடம் கொடுக்கிறது. விற்பனையைச் சோதனை என்று வாதாட முடியாது.

ஆகவே முதலில் தாக்கல், பிறகு வீடியோ. மெஷின் இன்னும் முழுமையாகவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணமான முழு விவரக்குறிப்பைத் தரலாம். தனிநபர், சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் இவர்களுக்கு ஆன்லைன் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய்தான். மற்றவர்களுக்கு 8,000. ஆனால் அரைப் பக்கத்தில் எதையோ எழுதிப் போட்டுவிட்டு, "பேடன்ட் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. முக்கியமான பாகம் அதில் இல்லாமல் பிறகு முழு விவரக்குறிப்பில் வந்தால், அதற்கு அந்தப் பிந்தைய தேதிதான் கிடைக்கும். கைப்படம், அளவு, மாற்று வடிவம், தோற்றுப்போன முயற்சி எதுவானாலும் எல்லாவற்றையும் புரொவிஷனலிலேயே எழுதுங்கள்.

ஃபேப்ரிகேஷன் கடைக்கோ முதலீட்டாளரிடமோ தாக்கலுக்கு முன்பே காட்டியாக வேண்டிய நிலை வரும். அப்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்த பையன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். காப்புரிமை உங்கள் மெஷினுக்குக் கிடைப்பதில்லை. விவரக்குறிப்பின் கடைசியில் எண் போட்டு எழுதப்படும் உரிமைக் கோரிக்கைகளுக்கு, எங்கள் பேச்சில் கிளெய்ம்களுக்கு, அதில் உள்ள சொற்களின் அளவுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோமே, அதன் இடத்தில்தான் கிளெய்ம் இருக்கிறது. நிலம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் எல்லையில் எழுதாத பகுதி உங்களுடையது ஆகாது.

ஒரு தேங்காய் உரிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். எதிரெதிராகச் சுழலும் இரண்டு முள் உருளைகளுக்கு இடையில் காய் போகிறது, மட்டை உரிகிறது. இது பழைய சங்கதி. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் செய்த புதுமை இது என்று வையுங்கள்: சின்னக் காய் வந்தாலும் பெரிய காய் வந்தாலும் உருளைகள் தாமாக விலகியும் நெருங்கியும் கொடுக்கின்றன. அதனால் ஓடு உடைவதில்லை, காயைத் தரம் பிரித்துப் போட வேண்டியதும் இல்லை. இதற்கு அவர் ஒரு ஸ்பிரிங்கை வைத்திருக்கிறார். இப்போது கிளெய்மில் "12 மி.மீ. விட்டமுள்ள எஃகுச் சுருள்வில்" என்று எழுதினால் என்ன ஆகும்? பக்கத்து ஊர்க்காரர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ரப்பர் புஷ் போட்டு அதே மெஷினை விற்பார். அவரைத் தடுப்பது மிகவும் கடினம். மாறாக, "உருளைகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறும் இயந்திரம்" என்கிற மாதிரி அகலமாக எழுதினால், பழைய ஆவணங்கள் ஒவ்வொன்றும் குறுக்கே வந்து நிற்கும், விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலகத் தேர்வாளர் நிராகரிப்பார். சரியான இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் கிளெய்மில், காயின் பருமனுக்கு ஏற்ப ஓர் உருளையை விலகவும் திரும்பவும் விடும் மீள்தன்மை கொண்ட உறுப்பு என்று செயலைச் சொல்ல வேண்டும். அடுத்த கிளெய்மில் அந்த உறுப்பு சுருள்வில் என்றும், அதற்கடுத்ததில் ரப்பர் என்றும், பிறகு முள்ளின் கோணம், வேகம் என்றும் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டு வர வேண்டும். மேலே உள்ளது விழுந்தாலும் கீழே உள்ளது தாங்கும். அடிப்படைக் கட்டணத்திலேயே 10 கிளெய்ம் வரை அடக்கம். அந்த இடத்தை வீணாக்காதீர்கள்.

இந்தச் சொற்கள் நீதிமன்றத்தில் எவ்வளவு எடை பெறும் என்பதற்குச் சென்னையிலேயே பெரிய வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தொழில்நுட்பத்துக்கு பஜாஜ் காப்புரிமை வைத்திருந்தது. டிவிஎஸ் 2007-இல் 'ஃபிளேம்' பைக்கைக் கொண்டுவந்தபோது தகராறு வெடித்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை விதித்தார். 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. டிவிஎஸ் எஞ்சினில் மூன்று வால்வு இருக்கிறதே, அப்படியானால் பஜாஜின் கிளெய்ம் எதுவரை நீள்கிறது என்பது அந்த வாதங்களின் மையமாக இருந்தது. விசாரணையை விரைவாக முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லியும், 2019-இல் இரு தரப்பும் சமரசம் ஆன பிறகுதான் வழக்கு ஓய்ந்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே கதி இது. சின்னப் பட்டறைக்காரர் கிளெய்மில் ஒரு சொல்லைக்கூட அசட்டையாக விடக் கூடாது.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர முடியும். அதனால் கண்டுபிடித்தவர் தன் கிளெய்மைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு கிளெய்மையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "இதை எழுதின மாதிரியே வெச்சுக்கிட்டு, நான் போட்டியாளரா இருந்தா எந்தப் பாகத்தை மாத்தித் தப்பிப்பேன்?" என்று முகவரோடு உட்கார்ந்து நீங்களே யோசியுங்கள். மெஷினைச் செய்தவரைவிட அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் தெரிந்தவர் யாரும் இல்லை.

புதிதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாத்திரப் பட்டறை வழக்கை இன்றும் எல்லாத் தேர்வாளர்களும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மிர்ஸாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. லேத்தில் தட்டுகளைக் கடைந்து மெருகேற்றும்போது அவை பிடியிலிருந்து தெறித்துப் பறக்கும்; தொழிலாளிக்கு ஆபத்து. அதனால் எதிர்முனையிலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். பயனுள்ள வேலைதான். ஆனாலும் தெரிந்த முறையையே பட்டறையில் சற்று மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள், கைதேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாதது எதுவும் இதில் இல்லை என்று சொல்லிக் காப்புரிமையை நீதிமன்றம் ரத்துசெய்தது. ஏற்கெனவே உள்ள இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்து, இரண்டும் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்தால் அதுவும் கண்டுபிடிப்பு அல்ல என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. விவசாய முறை, சிகிச்சை முறை, வெறும் கணினி நிரல், வியாபார முறை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மரபறிவும் அதில்தான். பாட்டி வைத்தியத்துக்குக் காப்புரிமை கேட்டு வருகிறவர்களிடம் மஞ்சள் கதையைச் சொல்வேன். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, பழைய நூல்களைக் காட்டி நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் 1997-இல் ரத்துசெய்ய வைத்தது. ஊருக்கே தெரிந்தது தனியொருவருக்குச் சொந்தமாகாது.

சிறு மேம்பாடுகளுக்கென்று சீனா, ஜெர்மனி போன்ற நாடுகளில் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இந்தியாவில் இல்லை. நம் பட்டறைகளின் புத்திசாலித்தனத்தில் பெரும் பகுதி இந்தச் சிறு மேம்பாடுகளில்தான் இருக்கிறது என்பதால், அப்படியொரு சட்டம் இங்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, உங்கள் பொருளின் தோற்றம் புதிது என்றால் வடிவமைப்புப் பதிவாவது செய்துகொள்ளுங்கள். 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும்.

தாக்கலுக்குப் பிறகு 18 மாதம் கழித்து விண்ணப்பம் வெளியாகும். படிவம் 9 கொடுத்தால் முன்கூட்டியே வெளியிடுவார்கள். வெளியாவது வேறு, காப்புரிமை கிடைப்பது வேறு. "பேடன்ட் பப்ளிஷ்ட்" என்று பேனர் அடிக்கும் கல்லூரிகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விண்ணப்பத்தைத் தேர்வாளர் ஆராய வேண்டும் என்று கோரும் படிவம் 18-ஐ முதல் தாக்கலிலிருந்து 31 மாதத்துக்குள் தராவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். மாணவரின் உழைப்பு உலகத்துக்கே இலவசமாகிவிடும். 2024-க்கு முன் இந்தக் கெடு 48 மாதமாக இருந்தது. பழைய கணக்கை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தேர்வாளரின் முதல் அறிக்கை வந்தால் ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதில் ஆட்சேபணைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆட்சேபணை வருவது வழக்கம்தான். உட்கார்ந்து பதில் எழுதினால் பலவற்றைத் தாண்டிவிடலாம். காப்புரிமை கிடைத்த பிறகுதான் வழக்குப் போட முடியும், ஆனால் நஷ்ட ஈட்டை வெளியான தேதியிலிருந்தே கேட்கலாம்.

குடும்பத் தொழில்களில் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று. "மச்சான் பேரையும் சேர்த்துப் போட்டுருங்க, பணம் அவர்தான் கொடுக்கறார்" என்பார்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டு உரிமையாளர்களுக்குச் சம பங்கு என்கிறது 50-ஆம் பிரிவு. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமலே தயாரித்து விற்கலாம். ஆனால் வெளியாளுக்கு லைசென்ஸ் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். மச்சானோடு மனத்தாங்கல் வந்தால் லைசென்ஸ் கொடுக்கும் வழி அடைபட்டுவிடும். பணத்துக்குத் தனி ஒப்பந்தம் எழுதுங்கள்.

உலகம் முழுக்கச் செல்லும் காப்புரிமை என்று எதுவும் கிடையாது. இந்தியாவில் வாங்கியது இந்தியாவுக்கு மட்டும். வெளிநாடுகளில் வேண்டுமானால் முதல் தாக்கலிலிருந்து 12 மாதத்துக்குள் அந்தந்த நாட்டிலோ, பிசிடி என்னும் சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தின் வழியாகவோ விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தையே நேராக வெளிநாட்டில் போட நினைத்தால், இங்கே வசிப்பவர் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். கிடைத்த காப்புரிமை தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு உயிரோடு இருக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து வருடாந்தரக் கட்டணம் கட்டி வர வேண்டும். தனிநபருக்குத் தொடக்க ஆண்டுகளில் 800 ரூபாய். கட்ட மறந்து காலாவதியானால் 18 மாதத்துக்குள் மீட்கக் கேட்கலாம்.

முகவர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது. செலவழிப்பதற்கு முன் கூகுள் பேடன்ட்ஸ், எஸ்பாசெனெட், நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய தளங்களில் ஒரு வாரம் தேடிப் பாருங்கள், மூன்றும் இலவசம். தென்மாநில விண்ணப்பங்களைக் கிண்டியில் உள்ள அலுவலகம் கவனிக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இயங்குகிறது. பதிவு பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு முகவர் கட்டணத்தை மத்திய அரசே தரும் திட்டம் இருக்கிறது. பள்ளிப் படிப்பைத் தாண்டாத விவசாயி, மெக்கானிக் போன்றவர்களின் கண்டுபிடிப்புகளுக்குக் குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளை தானே செலவு செய்து காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறது. அவர்களுக்கும் வீடியோவை அனுப்புவதற்கு முன், அது ரகசியமாக வைக்கப்படும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.