இரவை அளக்கும் இலை

சிறு நிலத்தைக் குடும்பமாகச் சேர்ந்து பயிர் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கைக்கு ஆள் போதாமல் பாதி வயலில் மூன்று வாரம் பிந்தித்தான் நெல் விதைத்தோம். அறுவடையும் அப்படியே தள்ளிப் போகும், நிதானமாக அறுக்கலாம் என்றிருந்தோம். இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றாகவே கதிர் தள்ளிவிட்டன. எப்படி?"

அவர் விதைத்தது பொழுதின் நீளத்துக்குக் கட்டுப்பட்ட ரகமாக இருக்க வேண்டும். இவ்வகைப் பயிருக்கு விதைத்த தேதி பெரிதல்ல. ஓரளவு வளர்ந்துவிட்டால் போதும், இரவு உரிய அளவு நீளும்வரை காத்திருந்து கதிர் கட்டும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள். கோடையில் 10 அடிக்கு மேல் வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை ரகம் அவர்களைத் திணறடித்தது. 1918 கோடையில் செடிகளை மாலையிலேயே இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துப் பகலைச் செயற்கையாகக் குறைத்தார்கள்; பூத்தன. முடிவுகள் 1920-இல் வெளியாயின. செடி அளப்பது பகலையா, இரவையா? 1938-இல் ஹாம்னர், பானர் என்ற ஆய்வாளர்கள் இருவரும், இரவு நீண்டால் பூக்கும் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்து விடை கண்டார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினாலே அது பூக்க மறுத்தது. தொடர்ச்சியான இருட்டுதான் கணக்கு.

நெல் இலை இதை அளக்கும் விதம் எனக்கு அலுக்கவே அலுக்காது. இலையின் செல்களுக்குள் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் ஆணைப்படி எச்டி1 என்ற மரபணு நாள்தோறும் இரவில்தான் முழு வேகத்தில் இயங்குகிறது. கூடவே, சிவப்பொளி பட்டால் விழித்துக்கொள்ளும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமியும் இலையில் இருக்கிறது. பகல் நீண்டிருக்கும் நாட்களில் எச்டி1 ஏறத் தொடங்கும்போதே வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்த நிறமியின் தூண்டுதலால், எச்டி1 தரும் புரதம் பூப்பதைத் தடுக்கும். இரவு நீண்டதும் அதே மரபணு முழு இருட்டில் இயங்குகிறது. அதே புரதம் இப்போது பூக்கச் சொல்கிறது! தனித்தனியாக இரண்டு புரதங்கள் தேவைப்படவில்லை. அது தோன்றும் நேரத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்பதே அதன் வேலையைத் திருப்பிப் போடுகிறது.

அனுமதி கிடைத்தவுடன் இலை எச்டி3ஏ என்ற சிறிய புரதத்தை உண்டாக்குகிறது. அது ஃபுளோயம் என்ற, செடிக்குள் உணவைக் கடத்தும் குழாய்கள் வழியே குருத்து நுனிக்குப் போய்ச் சேர, இனி இலை வேண்டாம், கதிர் போதும் என்று நுனி மாறுகிறது. இப்படியொரு தூதுப் பொருள் இருக்க வேண்டும் என்று சோவியத் தாவர ஆய்வாளர் சைலாக்யான் 1930-களிலேயே சொல்லி, புளோரிஜென் என்று பெயரும் வைத்தார். அது இன்னதென்று உறுதியாக 2007 ஆகிவிட்டது. நெல்லோடு அதற்கு உதவியது அராபிடாப்சிஸ் என்ற, யாரும் தின்னாத, விற்காத கடுகுக் குடும்பக் களை. களையை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் நிதிக் குழுக்களில் உட்காரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தெருவிளக்கை ஒட்டிய வரப்போரம் மட்டும் பச்சையாகவே நின்றால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மனம் நோகவும் வேண்டாம். பயிருக்கு இரவு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். விளக்கின் ஒளி வயலில் விழாமல் மறைத்தால் சரியாகிவிடும்.

வாசகருக்கு இன்னொன்று. பிந்தி விதைத்த பாதியில் தூர் கட்டக் கிடைத்த நாட்கள் குறைவு, ஆகவே விளைச்சலும் குறைந்திருக்கும். இனி பிந்த நேர்ந்தால் நெருக்கி நடுங்கள். அறுவடையைப் பிரிக்க விதைப்பைத் தள்ளிப்போடுவது இந்த ரகத்தில் பலிக்காது. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 தொடங்கி, பொழுதை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் தன் வயதுக்கு முற்றும் ரகங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றைப் பாதி வயலில் போட்டால் வீட்டு ஆட்களைக் கொண்டே இரண்டையும் அடுத்தடுத்து அறுக்கலாம்.